தடம் போட்டவர்

அப்பா மூன்றாவது முறை காணாமல் போனபோது டி. கல்லுப்பட்டி பஸ் நிறுத்தத்தில் கிடைத்தார். இடுப்பில் வேட்டி இல்லை. பூ விற்கிற பெண் ஒருத்தி தன்னுடைய சாக்கை அவர் மடியில் போட்டு மூடிவிட்டு, அவர் சட்டைப் பையில் நான் எழுதி வைத்திருந்த எண்ணுக்குப் போன் செய்திருந்தாள். நான் போய் இறங்கியதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார். என் நாற்பத்தெட்டு வயதில் அவர் என்னை ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது முறை போனபோதும் அதே சாலையில்தான், பாதி வழியில், ஒரு புளியமரத்தடியில் கண்டுபிடித்தோம். ஏன் அந்தச் சாலை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மறதி நோய்க்குத் திசை கிடையாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியே விட முடியாது என்று மதுரை வேலையை விட்டுவிட்டு எழுமலைக்கு வந்தேன் என்பது நான் ஊருக்குச் சொன்ன காரணம். வேலை பார்த்த கடையில் ஆள் குறைத்ததும் ஒரு காரணம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தேன். வீடு ஊரின் மேற்குக் கடைசி. பின்கதவைத் திறந்தால் மாட்டுக்கொட்டம். அதைத் தாண்டினால் கரிசல் காடு, அதற்கப்பால் ஓடை, அதற்கும் அப்பால் மலை. நடக்க நினைக்கிற மனிதருக்குத் தடுப்பே கிடையாது.

கல்லுப்பட்டிக்குப் பிறகு கதவைப் பூட்டினோம். அப்பா ஒரு பகல் முழுக்கக் கதவை இடித்தார். சாயங்காலம் திறந்தபோது இரண்டு கை விரல் முட்டிகளிலும் தோல் இல்லை.

என் மனைவி தமிழ்ச்செல்வி அவர் கையில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு என்னிடம் வந்தாள். “ஏங்க, காலையில ஒரு மணி நேரம் நீங்க அவுகளோட நடந்துட்டு வாங்களேன். நடக்கத்தான கேக்குறாக?”

“கடையை யாரு தெறக்குறது?”

“கடை ஒம்பது மணிக்குத்தான?”

எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்த பேச்சை மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் வராது. அவரோடு தினமும் ஒரு மணி நேரம், பக்கத்தில், கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்பது எனக்கு நினைக்கவே கூசியது. அப்போதுதான் துளசிராம் அண்ணன் ஞாபகம் வந்தார்.

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் நான் பன்னிரண்டு வருஷம் பில் போட்டேன். துளசிராம் அண்ணன் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வருவார். போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். “வீட்ல சௌராஷ்ட்ரா, கடையில தமிழு, நாய்கிட்ட இங்கிலீஷு. மூணும் கலந்துச்சுன்னா நாய் கோவிச்சுக்கும், சம்சாரம் கடிச்சுரும்” என்பார். போன் செய்தேன்.

“அண்ணே, ஒரே ஒரு மனுசனத் தேடுறதுக்கு ஒரு நாயப் பழக்க முடியுமா?”

“ஒரே ஒரு மனுசன்னா சுலபம்தான். யாரு, ஓடிப்போன மாப்பிள்ளையா?”

“எங்கப்பா.”

அப்பாவுக்கு என்ன நோய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, “சரி, பழக்குவோம்” என்றார்.

“நல்ல ஜாதி நாயா வாங்கணுமாண்ணே?”

“ஜாதியெல்லாம் பாக்காத, பாண்டி. சோத்துக்கு அலையுதா, அதப் பாரு. வயிறு நெறஞ்ச நாய் எதையும் தேடாது.”

பஸ் நிலையத்துக் கறிக்கடை வாசலில் ஒரு செவலைப் பெட்டை நாய் எந்நேரமும் படுத்துக் கிடக்கும். கத்தி விழும் சத்தத்துக்கு முன்பே எழுந்து நிற்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெயரும் செவலை என்றே நிலைத்தது.

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் துளசிராம் அண்ணன் வந்து முதல் பாடம் நடத்தினார். அறுத்த சோளக்காட்டில் அப்பாவை நிறுத்தி, ஒரு பாய் அகலத்துக்கு மண்ணை மிதிக்கச் சொன்னார். அங்கிருந்து இருபது அடி நேராக நடக்க வைத்தார். ஒவ்வொரு காலடியிலும் அவித்த கோழி ஈரலில் நகக்கண் அளவு ஒரு துண்டு. கடைசியில் அப்பா குத்துக்கல் மேல் உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் ஒரு பொட்டலம் ஈரல். செவலை போய் அவர் காலடியில் படுத்தால் அவரே கையால் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் தடம் போடுவது. நாளாக ஆக, தடத்தில் ஈரல் குறையும், கடைசியில் இருக்கும் மனிதரிடம் மட்டும் மிஞ்சும். அடிகள் கூடும். போட்ட தடத்தை முதலில் பத்து நிமிஷம், அப்புறம் அரை மணி, ஒரு மணி என்று ஆறவிட்டு நாயை விட வேண்டும்.

செவலையின் மாரில் பட்டையை மாட்டி, முப்பதடிக் கயிற்றை என் கையில் கொடுத்தார். நான் நாலடி நடந்ததும் பின்னாலிருந்து கத்தினார்.

“கயித்த இறுக்காதய்யா! நீ நாயக் கூட்டிட்டுப் போகாத. அது உன்னக் கூட்டிட்டுப் போகணும்.”

“வேற பக்கம் போகுதேண்ணே.”

“போகட்டும். தப்பாப் போனாத்தான் திரும்பி வரக் கத்துக்கும். நீ இழுத்தேன்னா அது உன் மூஞ்சியப் படிக்கும், தரையப் படிக்காது.”

அப்பா குத்துக்கல்லில் உட்கார்ந்து சிரித்தார். நாய் வந்து படுத்ததும் ஈரலைக் கொடுத்தார். அது கையை நக்கியது. “வாடி என் சிங்காரி, வா” என்றார். அந்தக் குரலை நான் கேட்டு வளரவில்லை.

வாலிப வயதில் அவர் முயல் வேட்டைக்காரர். இப்போது சட்டம் விடாது, அப்போது கேட்பாரில்லை. நாலைந்து பேரும் ஏழெட்டு நாயுமாக விடியலில் கிளம்புவார்கள். என்னையும் ஒரு முறை கூட்டிப் போனார். நாய் கவ்விய முயல் குழந்தை மாதிரி அழுதது. நான் வரப்பிலேயே வாந்தி எடுத்தேன். அதை வேட்டைக்கு வந்தவர்களிடம் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார். என் பதினாலாவது வயதில், எதற்கோ சாட்டைக்கம்பால் அடித்தார் என்று வீட்டைவிட்டு ஓடினேன். மூன்று நாள் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிவிட்டு, நானே திரும்பி வந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், “பசிச்சா வந்துருவான்னு எனக்குத் தெரியும்” என்றார். என்னைத் தேடி யாருமே வரவில்லை. எங்கே இருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே அந்த மாதங்களில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு காட்டில் நடக்கும்போதெல்லாம் ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு முப்பதாவது முறை உன்னைத் தேடுகிறேன். இன்றைக்கு நாற்பத்தி ஒன்றாவது முறை. நீ என்னை ஒரு முறைகூடத் தேடவில்லை.

தினமும் காலை ஆறு முதல் எட்டு வரை இதற்குப் போனது. அவரோடு நடக்க எனக்கு இல்லாதிருந்த ஒரு மணி நேரம், அவருக்குப் பின்னால் நடக்க இரண்டு மணி நேரமாகக் கிடைத்துவிட்டது.

தடம் போடும்போது அப்பா தொலைந்துவிடக் கூடாது என்று தமிழ்ச்செல்வி ஐம்பது அடி பின்னால் போவாள். அவர் சுற்றிச் சுற்றிப் போய் ஓரிடத்தில் உட்காருவார். அவள் வேறு வழியாகத் திரும்பி வந்து சொன்ன பிறகு, நான் செவலையைக் கிளப்புவேன். கார்த்திகை மழைக்குப் பிறகு மண் ஈரத்தில் நாய் பிரமாதமாக வேலை செய்தது. மூக்கைத் தரையில் பதித்தால் எடுக்காது. அப்பாவின் செருப்புக் கால் எங்கே திரும்பியதோ அங்கே அதன் முதுகும் திரும்பும். சத்தமே இல்லாத அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு நாள், நாய் வந்து படுத்ததும் அப்பாவின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது.

“என்னடா நாயி இது? இம்புட்டு நேரா போட்ட தடத்தக் குருடன்கூடப் புடிச்சிருவான்.”

“வேற எப்படிப்பா போடுறது?”

“முயலு நேரா ஓடும்னா நெனச்ச? நேரா ஓடுற முயலு சட்டிக்குள்ளதான் ஓடும்.” கையால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். “போன தடத்துலயே திரும்பி வரும். வந்து, பக்கவாட்டுல ஒரே தாவு. நாயி அம்புட்டுத் தூரம் போயி, மண்ண மோந்துக்கிட்டு முட்டாப்பய மாதிரி நிக்கும். இது சுத்திக்கிட்டு, கெளம்புன எடத்துக்குப் பக்கத்துலயே வந்து குத்துச்செடிக்குள்ள கம்முனு ஒக்காந்துக்கிரும்.”

“எம்புட்டு நேரம்?”

“நாய் போற வரைக்கும்.”

அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் தடத்தில் அவர் சொன்னபடியே செய்திருந்தார். போன வழியே திரும்பி வந்து, வரப்பு மேல் ஒரு தாவு. செவலை அரை மணி நேரம் திணறிக் கண்டுபிடித்தது. அதற்கடுத்த வாரம் ஆட்டுக்கிடை போட்டிருந்த நிலத்துக்குள் புகுந்து வெளியே வந்திருந்தார். நாற்பது ஆட்டின் வாடைக்குள்ளிருந்து நாய் அவரைப் பிரித்து எடுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. துளசிராம் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. “பாண்டி, நான் ஒண்ணு கேக்குறேன். அவரு இதுல வேட்டைக்காரனா, முயலா?”

“என்னண்ணே?”

“நாய்க்கு வெளையாட்டு, உனக்கு வெளையாட்டு. அவருக்கு? ஒவ்வொரு நாளும் எதுக்கு ஒரு நாய் நம்ம பின்னாடி வருதுன்னு அவருக்கு ஞாபகம் இருக்குமா? இனிமே அவர வச்சுத் தடம் போடாத. உன் சம்சாரம் நடக்கட்டும்.”

“அப்பா வாசம் பழகணும்ல?”

“அது என்னைக்கோ பழகிருச்சு. ஒரு நாள் போதும் அதுக்கு. இன்னொண்ணு, உன் சம்சாரம் அவரு பின்னாடியே போகுதுன்னு சொல்ற. நாய் யாரத் தேடுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரு தடம்ல அது?”

தமிழ்ச்செல்வியும் சொன்னாள். சொன்னாள் என்று இப்போது எழுதுவது எளிது. அப்போது அவள் குறை சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். “மாமா பயப்படுறாக. காலையில எந்திரிச்சதும் என்னயக் கூப்பிட்டு, ‘ஏத்தா, அது வந்துருச்சா’ன்னு கேக்குறாக. நேத்து ஓடைத் தண்ணிக்குள்ளயே நடந்தாக. கூப்பிட்டா, வாயில வெரல வச்சுச் சத்தம் போடாதன்னு என்னய அதட்டுறாக.”

“தண்ணிக்குள்ள நடந்தாரா?” என்றேன். அந்தப் பாடம் செவலைக்கு இன்னும் வரவில்லையே என்பதுதான் எனக்குத் தோன்றியது.

தை மாதம், பொங்கல் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நாயைப் பார்க்க வரச் சொல்லித் துளசிராம் அண்ணனை அழைத்தேன். அவர் வருவதற்குள் தடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறியிருக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். அவர் சொன்ன இரண்டு புத்திமதியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். தடத்தில் இரண்டு வாடை கலக்கக் கூடாது. ஆகவே தமிழ்ச்செல்வியை அப்பாவுக்குப் பின்னால் போகாதே என்றேன். பம்ப்செட் அறை மொட்டை மாடியில் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றேன். தடம் போடுவதற்கு அப்பாவையே வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஈரல் பொட்டலத்தை அவர் மடியில் செருகி, பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே போவது என்று கேட்பதுபோல் இருந்தது. “நடங்கப்பா” என்றேன். நடந்தார். கொட்டத்தைத் தாண்டியதும் நடை வேகமாயிற்று.

ஆறே முக்கால் இருக்கும். தமிழ்ச்செல்வி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. “மாமா சோளத்துக்குள்ள போனாக. வெளிய வரவே இல்ல. நான் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எல்லாம் பாத்துட்டேன்.”

நான் செவலையின் மார்ப்பட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். “விடு. அதுக்குத்தான நாய் இருக்கு.”

“நாய் இருக்கட்டும். நீங்க இருக்கீகள்ல?”

நான் பட்டையைத் தேய்த்தேன். அவள் தனியே காட்டுப் பக்கம் போனாள். தடத்தைக் கெடுத்துவிடுவாளே என்று எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டு நிறுத்தினேன். அவள் நின்றாள். அதற்காக இன்றைக்கும் அவள் தன்னைத்தான் திட்டிக்கொள்கிறாள்.

எட்டரை மணிக்குத் துளசிராம் அண்ணன் வந்தார். டீ குடித்துக்கொண்டே, “யாரு தடம் போட்டது? தங்கச்சியா?” என்று கேட்டார்.

“அப்பா.”

டம்ளரைக் கீழே வைத்தார். “எப்பப் போனாரு?”

“ஆறு மணிக்கு.”

“கூட யாரு?”

நான் செவலையின் கயிற்றைக் கையில் எடுத்தேன். அவர் எழுந்து செருப்பை மாட்டினார். “கெளம்பு” என்றார்.

செவலை அன்றைக்கு வேலை செய்தது மாதிரி அதற்கு முன்னால் செய்ததில்லை. சோளத்துக்குள் நுழைந்து, நடுவில் நின்று, அவர் போன வழியே திரும்பியதை மோந்து பிடித்து, பக்கவாட்டில் தாவிய இடத்தை ஒரே நிமிஷத்தில் கண்டது. எனக்குள் முதலில் எழுந்தது பயம் இல்லை. துளசிராம் அண்ணன் பார்த்தாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் நாயைப் பார்க்கவில்லை. மிதிபட்ட சோளத் தட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓடிருக்காரு. கால் எட்டு எம்புட்டு அகலமா விழுந்திருக்கு, பாரு. எழுபத்தாறு வயசு மனுசன்” என்றார்.

பருத்திக் காடு, கிடை நிலம், இன்னொரு திருப்பம். அப்புறம் ஓடை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து முழங்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செவலை தண்ணீருக்குள் இறங்கி நின்று முனகியது. ஒரு கரையில் ஓடியது, மறு கரையில் ஓடியது. மேற்கே கொஞ்ச தூரத்தில், எதிர்க்கரைப் பாறை மேல் அப்பாவின் பச்சைத் துண்டு கிடந்தது. நாய் அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. வாலை ஆட்டியது. ஈரலுக்குக் காத்திருந்தது. ஈரல் அப்பாவின் மடியில் இருந்தது.

துண்டின் இரண்டு முனையிலும் இரண்டு கல் வைத்திருந்தது. துளசிராம் அண்ணன் குனிந்து பார்த்தார்.

“இது மறந்துட்டுப் போன துண்டு இல்ல, பாண்டி. வச்சுட்டுப் போன துண்டு.”

அங்கிருந்து எந்தத் தடமும் இல்லை. இரண்டு கரையிலும் மேலும் கீழுமாகத் தேடினோம். மடுக்களில் கழியை விட்டுத் துழாவினோம். ‘அப்பா, அப்பா’ என்று கத்தினேன். வெயில் ஏறியது. மண் காயக் காய வாடையும் போய்விடும் என்று எனக்கே தெரியும். ஊரிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். நண்பகல் தாண்டியது. இரண்டு முறை வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். அப்போதும் கொட்டத்து மூலையில் நின்று சுற்றிலும் பார்த்து, தொண்டை கிழிய அவரைக் கூப்பிட்டேன்.

ஒரு மணி வாக்கில் துளசிராம் அண்ணன் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “யோசிச்சுச் சொல்லு. முயல் கடைசியில என்ன பண்ணும்னு சொன்னாரு?”

“கெளம்புன எடத்துக்குப் பக்கத்துலயே...” என்று சொல்லும்போதே எழுந்துவிட்டேன்.

செவலையைக் கொட்டத்துக்குக் கொண்டுவந்து, கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அது தரையை மோந்து பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கிக் காற்றைப் பிடித்து, கொட்டத்துக்குப் பின்னால் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலுக்குள் நேராகப் போயிற்று. வீட்டுப் பின்கதவிலிருந்து நூறு அடிகூட இருக்காது.

அவர் முட்டியை நெஞ்சோடு கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நெற்றியிலும் முதுகிலும் முள் கிழித்த கோடுகள். வேட்டி ஈரம் காய்ந்து சேறாக ஒட்டியிருந்தது. மூச்சுச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார். நான் கொட்டத்து மூலையில் நின்று கூப்பிட்டதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் இன்னும் இறுக்கிப் பொத்தியிருப்பார்.

செவலை அவர் காலடியில் படுத்தது. அவர் நாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். மடியைத் தடவி அந்தப் பாலித்தீன் பொட்டலத்தை எடுத்தார். வெயிலில் கெட்டு நாற்றம் வீசியது. அதை நாய்க்குக் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

“இந்தாங்க. இத வாங்கிக்கிட்டுப் போயிருங்க. நான் யாருக்கும் ஒண்ணும் பண்ணல.”

“அப்பா, நான் தங்கப்பாண்டி.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு தைரியம் வந்தது. என் கண்ணை நேராகப் பார்த்தார்.

“எம் மகந்தான் அவன். கல்லுப்பட்டியில இருக்கான். டீக்கடையில. நான் கண்ணால பாத்துட்டுத்தான் வந்தேன். அவனுக்குத் தெரிஞ்சா உங்கள சும்மா விடமாட்டான்.”

கல்லுப்பட்டியில் நான் இருந்தது என் பதினாலாவது வயதில் அந்த மூன்று நாள்தான்.

துளசிராம் அண்ணன்தான் அவரைத் தூக்கி எழுப்பி, தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு முள்ளுக்குள்ளேயே நின்றேன். செவலை என் கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

ஊரில் இப்போது எனக்கு நல்ல பெயர். கறிக்கடை நாயைப் பழக்கி அப்பனைக் கண்டுபிடித்தவன். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் போன் செய்தார்; அவருடைய அம்மாவும் வழி தவறிப் போகிறாராம்.

“அண்ணே, உங்க நாய் எப்படிண்ணே, சொன்னா சொன்னபடி கண்டுபிடிச்சிருமா?”

“கண்டுபிடிச்சிரும்” என்றேன்.

“எங்களுக்கும் ஒண்ணு பழக்கித் தாங்கண்ணே.”

“நீங்க காலையில சும்மாத்தான இருக்கீங்க?” என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

வீட்டில் இப்போது எந்தக் கதவையும் பூட்டுவதில்லை. பூட்ட வேண்டிய தேவை இல்லை. அப்பா எங்கேயும் போவதில்லை. உள்ளறை மூலையில், சுவரும் சுவரும் சேருகிற இடத்தில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தமிழ்ச்செல்வி மட்டும் உள்ளே போகலாம், சோறு ஊட்டலாம், குளிப்பாட்டலாம். என் செருப்புச் சத்தம் கேட்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார். அவரோடு நடந்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு முறை போய்க் கையை நீட்டினேன். இரண்டு முறையும் மூத்திரம் போய்விட்டது அவருக்கு. அதன் பிறகு போகவில்லை.

செவலையைத் துளசிராம் அண்ணன் மதுரைக்குக் கூட்டிப்போய்விட்டார். போகிற அன்று காலையிலும் அது பின்கதவில் நின்று வாசலை மோந்து பார்த்தது. புதுத் தடம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

காலை ஆறு மணிக்கு எனக்கு இப்போதும் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து வெறுங்காலோடு போய், உள்ளறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். தமிழ்ச்செல்வி அவருக்குக் காப்பி ஆற்றும் சத்தம் கேட்கிறது. அப்புறம் அவர் கிசுகிசுக்கிறார்.

“ஏத்தா, போயிருச்சா?”

“போயிருச்சு மாமா. நீங்க குடிங்க.”

அவர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கிற வரைக்கும், நான் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறேன்.